காஜா கழட்டாத சட்டை

கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிற உங்களில் நாலைந்து பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "உங்க சர்வீஸ்ல கத்தியை எடுக்கவே பயந்த கேஸ் எதுங்க சார்?" நான் எருமைக்குக் கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லி அனுப்பிவிட்டேன். நல்ல கதைதான். கடைசியில் நான் ஜெயிக்கிற கதை. நீங்கள் கிளம்பிப் போன பிறகு மனசு உறுத்தியது. உண்மையான பதில் எருமை இல்லை. முழ நீளத்தில் ஒரு பல்லி. அதன் விரல் ஒன்றை நான் என் கையால் பிடுங்கியிருக்கிறேன்.

இப்போது உங்களிடம் கண்ணாடிப் பெட்டியில் விதவிதமான பல்லிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தோல் சரியாக உரியவில்லை என்கிறார்கள். நீங்கள் போனைத் திறந்து நாலு பக்கம் படித்துவிட்டு மருந்து சொல்கிறீர்கள். படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்க எதுவுமே இல்லாத இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதையும் கொஞ்சம் கேட்டு வையுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டுக்கு என்னை மாற்றினார்கள். எங்கள் மருந்தகத்தை ஊரில் மாட்டாஸ்பத்திரி என்பார்கள். பெயருக்குத் தக்கபடி மாடுதான் வரும். கொட்டச்சேட்டிலிருந்து எஸ்டேட் நாய் வரும், வெள்ளக்கடையிலிருந்து பன்றி வரும். கம்பவுண்டர் உள்ளூர்க்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவார், அதே வாயால் கிண்டலும் செய்வார்.

மாசி மாதம். காப்பிப் பழமெல்லாம் பறித்து முடிந்து, எஸ்டேட்காரர்கள் காப்பிச் செடியைப் பூக்க வைக்கிற பூ மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வறண்ட நாட்கள். காலை பத்து மணிக்கு வாசலில் கம்பவுண்டர் யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தார்.

"காஜா சட்டையக் கழட்ட மாட்டேங்கறானுங்க. வெரலெல்லாம் கறுக்குதுங்க."

"ஏனுங்க பாய், பையனுக்கு முடியலைன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சட்டை கழட்டாததுக்கெல்லாம் மாட்டாஸ்பத்திரிக்கு வந்தா நாங்க என்னங்க பண்றது?"

"பையன் இல்லீங்க, காஜா."

"அதான் சொல்றேனுங்க, உங்க பையன் காஜா."

எழுந்து போய்ப் பார்த்தேன். கடைவீதியில் தையல்கடை வைத்திருந்த பாய் நின்றுகொண்டிருந்தார். சேலத்திலிருந்து மலைமேல் வந்து கடை போட்ட குடும்பம். விடுதிப் பள்ளிகளின் சீருடை அவர் கடையில்தான் தைப்பார்கள். அன்று நான் போட்டிருந்த பேண்ட் கூட அவர் தைத்ததுதான். கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, மூடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். மூடியைத் திறந்து என் மேசைமேல் வைத்தார்.

அப்படி ஒரு பிராணியை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. மணல் நிறம். மழுங்கின தலை, தட்டையான உடம்பு. வால் மட்டும் வேறு ஏதோ மிருகத்திலிருந்து எடுத்து ஒட்டியதுபோல் தடித்து, வரிசை வரிசையாக முள் பதித்து இருந்தது. ஓடப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, இமையை மெதுவாக மூடித் திறந்தது. மாட்டுக்கே வராத நிதானம் அதன் பார்வையில் இருந்தது. எனக்கு மேல் சிலிர்த்துப் போயிற்று.

"கண்ணப் பாருங்க டாக்டர். பட்டனுக்கு நல்லா எடுத்த காஜா மாதிரி இல்லீங்களா? அதான் அந்தப் பேரு வச்சேன்" என்றார் பாய். கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இது எப்படி ஏற்காட்டுக்கு வந்தது என்று கேட்டேன்.

"எனக்கு முட்டி வலிங்க. மெஷினு மிதிச்சு மிதிச்சு வலது காலு மடங்கவே மாட்டேங்குது. சாண்டா எண்ணெய் தேய்ச்சா சரியாப் போயிரும்னாங்க. சேலத்துல பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரோட்டோரம் ஒருத்தன் வித்துட்டு இருந்தான். போய்ப் பாத்தா இந்த மாதிரி நாலஞ்சு உசிரு துணிமேல கெடக்குது. ஓடிறக் கூடாதுன்னு முதுக ஒடிச்சு வச்சிருக்கானுங்க. இது ஒண்ணுதான் ஒடிக்காம இருந்துச்சு. எனக்குன்னு இதத் தூக்குனான். பக்கத்துல அடுப்புல இதுங்க கொழுப்ப எண்ணெயா உருக்கறதுக்குச் சட்டி காயுது." டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எண்ணெய் வேண்டாம், உசிரோட குடுன்னு வாங்கிட்டு வந்துட்டேனுங்க. வருசம் ஒண்ணாகப் போகுது."

இன்று ஒருவர் அப்படிக் கொண்டுவந்தால் நீங்கள் முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அன்று எனக்கு அந்த ஞானமும் கிடையாது.

முருங்கைக் கீரை, செம்பருத்திப் பூ, ஊறவைத்த பயறு என்று கொடுத்து வளர்த்திருந்தார். பல்லியை வீட்டுக்குள் ஏற்ற மாட்டேன் என்று அவர் மனைவி சொல்லிவிட்டதால் கடையிலேயே வைத்திருந்தார். "பாலைவனத்து உசிரும்பாங்க. நம்மூருக் குளிரு தாங்காதுன்னு இஸ்திரிப் பெட்டி வைக்கற மேசைக்கு அடியில மணல் போட்டு வச்சிருக்கேனுங்க. கரி எரியற சூடு எறங்கும்ல."

பிறகு வலது முன்னங்காலைக் காட்டினார். பாம்பு போல இந்தப் பிராணியும் சட்டை உரிக்கும். ஆனால் ஒரே உரியாக வராது, துண்டு துண்டாக வரும். உடம்பில் எல்லாம் உரிந்து வழுவழுவென்று இருந்தது. விரல்களில் மட்டும் பழைய தோல் வெள்ளையாகச் சுருங்கி, கழற்ற முடியாத மோதிரம்போல் இறுகியிருந்தது. இறுகின இடத்துக்கு அப்பால் ஐந்து விரலும் வீங்கியிருந்தன. சுண்டுவிரல் நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"எனக்குத் தெரியாது பாய், விசாரிச்சுச் சொல்றேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மனிதர் டாக்டர், டாக்டர் என்கிறார். உள்ளே கம்பவுண்டர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். என் வயது இருபத்தேழு.

"பாலைவனப் பிராணி, ஈரமே ஆகாது. தண்ணியே காட்டாதீங்க, சூட்டுலயே வைங்க. இந்தத் தோலை நான் எடுத்துடறேன்" என்றேன். இடுக்கியை எடுத்தேன். சுண்டுவிரலில் தோலின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன்.

தோல் வந்தது. அதோடு விரலும் வந்தது.

காஜா கத்தவில்லை. அதற்குக் கத்தக் குரல் கிடையாது. வாயை அகலமாகத் திறந்து மூடியது, அவ்வளவுதான். ஒரு சொட்டு ரத்தம் டப்பாவின் தகரத்தில் விழுந்தது. நான் ஏதோ பொடியைத் தூவி, "அது ஏற்கெனவே செத்துப்போன விரல்தான்" என்று உளறினேன். பாய் டப்பாவை மூடி, "வரேனுங்க" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்து இழுத்து நடந்து போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்று நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பத்து நாள் நான் கடைவீதிப் பக்கமே போகவில்லை. தபால் ஆபீசுக்குக் கூட ஏரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனேன். கம்பவுண்டர் எதையும் விட மாட்டார். "சார், தைக்கக் குடுத்த பேண்ட் ரெடியாகி ஒரு வாரம் ஆச்சுன்னு பாய் சொன்னாருங்க. நாமதான் ஊரச் சுத்தி நடந்துட்டு இருக்கறோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அன்றே பையைத் தூக்கிக்கொண்டு தையல்கடைக்குக் கிளம்பினேன். அவரும் கூட வந்தார்.

பாய் நான் சொன்னதை ஒரு வார்த்தை பிசகாமல் செய்திருந்தார். மணலைத் தினமும் வெயிலில் காயவைத்துப் போட்டிருந்தார். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தே விட்டார். பள்ளிச் சீருடைக்கு அவசரம் என்பதால் இஸ்திரிப் பெட்டி நாளெல்லாம் கனன்றுகொண்டிருந்தது. மிச்சம் இருந்த நாலு விரலும் முன்னைவிட இரண்டு மடங்கு வீங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டன. வீக்கம் பாதத்துக்கும் ஏறியிருந்தது. என் வைத்தியம் அதைக் கொன்றுகொண்டிருந்தது.

"அழுகல் மேல ஏறினா உயிர் போயிரும் பாய். மணிக்கட்டோட எடுத்துடறதுதான் வழி" என்றேன்.

பாய் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். "டாக்டர், என் காலுக்கு வேண்டிச் சாக இருந்த உசிருங்க இது. பாவம்னு தூக்கிட்டு வந்தேன். எங்கிட்ட வந்து இதுக்குக் காலு போச்சுன்னா, அவன் சட்டியிலயே போட்டிருக்கலாமுங்களே. ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காஜாவைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சட்டைக் காலரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"ஏனுங்க டாக்டர், இது ஒரு சட்டை இல்லீங்களே. மூணு சட்டை போட்டிருக்கான்."

கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். உண்மை. வெள்ளைத் தோலின் ஓரத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று விளிம்பு தெரிந்தது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் விரலில் இருந்தது மட்டும் உரியாமல் நின்று, அதன் அடியிலேயே அடுத்தது வளர்ந்து, மூன்றும் சேர்ந்து நெரித்துக்கொண்டிருந்தன. ஐந்து வருடம் படித்த என் கண்ணுக்கு அது அழுக்காகத் தெரிந்தது. தையல்காரர் கண்ணுக்கு மடிப்பாகத் தெரிந்தது.

"மேல இருக்கறதப் பிரிக்காம மொத்தமா இழுத்தா துணியோட வந்துருமுங்க. அன்னிக்கு அதான் வந்துச்சு" என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. "காஞ்சு போன தையல நாங்க பிரிக்க மாட்டோமுங்க. ஈரத்துணி போட்டு, ஊற விட்டு, ஒவ்வொரு தையலாத்தான் பிரிப்போம். ரெண்டு நாள் குடுங்க டாக்டர்."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இரண்டு நாளில் அழுகல் மேலே ஏறினால் கால் மட்டுமில்லை, பிராணியே போய்விடும். இன்றைக்கே வெட்டினால் மூன்று காலோடாவது பிழைக்கும். ஒரு பக்கம் என் படிப்பு, இன்னொரு பக்கம் ஒரு தையல்காரரின் பேச்சு. என்ன செய்வது என்று தெரியாமல், அவர் ஊசி ஒன்றை வாங்கி அந்த நாலு விரலையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் தொட்டேன். நாலும் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டன. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிற சதையை வெட்ட நான் யார்?

பேனாவைத் திறந்து மணிக்கட்டில் ஒரு மைப் புள்ளி வைத்தேன். "கறுப்பு இந்தப் புள்ளியைத் தாண்டுச்சுன்னா உடனே ஆள் அனுப்புங்க, வெட்டித்தான் ஆகணும். அது வரைக்கும் உங்க இஷ்டம்" என்றேன்.

பாய் மணல் பெட்டியைக் கரிச் சூட்டிலிருந்து தள்ளி வைத்தார். ஒரு மூலையில் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, வெட்டி மிச்சமான பருத்தித் துண்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதற்குள் பரப்பினார். பெட்டியில் விட்டதும் காஜா கொஞ்ச நேரம் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்தது. பிறகு யாரும் தள்ளாமலே அந்த ஈரத்துக்குள் நடந்துபோய், வாலை வாசலுக்கு அடைப்பாக வைத்துப் படுத்துவிட்டது. ஈரமே ஆகாது என்று நான் சொன்ன பிராணி. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத ஒன்று அதற்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குப் போனோம். கறுப்பு என் புள்ளியை நெருங்கவில்லை. வெள்ளைத் தோல் ஊறிப் பொதபொதவென்று ஆகியிருந்தது. பாய் புது பிளேடு ஒன்றைப் பாதியாக ஒடித்து என்னிடம் நீட்டினார். "நீங்கதானுங்க டாக்டர்."

வாங்கினேன். என் கை நடுங்கியது. எருமை வயிற்றுக்குள் தோள்வரை விட்ட கைதான். அந்தச் சின்ன விரலுக்கு முன்னால் நிற்கமாட்டேன் என்றது. மறுபடி ஒரு விரல் போனால் அதை என்னால் தாங்க முடியாது. பிளேடைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நீங்களே பண்ணுங்க பாய். நான் பிடிச்சுக்கறேன்."

கம்பவுண்டர் என் முகத்தைப் பார்த்தார். முதல் தடவையாக அவரிடம் கிண்டல் இல்லை.

பாய் காஜாவை என் உள்ளங்கையில் வைத்தார். புதுத் துணியில் கத்தரி வைக்கும்முன் சொல்வதுபோல் "பிஸ்மில்லா" என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். பொறுத்தார். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு கீறல். ஒரு தடவைகூட இழுக்கவில்லை. முதல் சட்டை தானாக விலகியது. அடியில் இரண்டாவது, அதற்கு அடியில் மூன்றாவது. அது விட்டதும் சாம்பல் நிறமாக இருந்த விரலில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறுவதை என் கண்ணால் பார்த்தேன். நடுவிரலில் மட்டும் நெடுநேரம் நிறம் வரவில்லை. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நகத்தடியில் ஒரு பொட்டுச் சிவப்பு.

"ரத்தம் ஓடுதுங்க" என்றார் பாய், ரகசியம் சொல்கிற மாதிரி.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. அவ்வளவு நேரமும் காஜா அசையவில்லை. அதன் இதயம் என் கட்டைவிரலில் தட்டிக்கொண்டே இருந்தது. எத்தனையோ உயிரைக் கையில் பிடித்திருக்கிறேன், ஒன்று என்னை நம்பிப் படுத்திருப்பதை அன்றுதான் உணர்ந்தேன். கண் கலங்கியதை மறைக்கக்கூட எனக்குக் கை காலியாக இல்லை.

திரும்பி வரும்போது கம்பவுண்டர் பழையபடி ஆகிவிட்டார். "சார், மூக்கணாங்கயிறு மாத்தறதுக்கும் இனிமே பாயவே கூப்பிட்டுக்கலாமுங்களா?" என்றார். கூப்பிடலாம் என்றேன்.

பின்னாளில் சென்னை போனபோது கல்லூரி நூலகத்தில் தேடிப் படித்தேன். அந்தப் பிராணி கொதிக்கிற மணலில் வெயில் காயும். ஆனால் குடியிருப்பது மண்ணுக்குள் ஆழமாகத் தோண்டிய வளையில். அந்த ஆழத்தில் கோடையிலும் ஈரப்பதம் இருக்குமாம். பாலைவனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மேல் மணல்தான்.

பங்குனியில் பூ மழை பெய்தது. மலை முழுக்கக் காப்பிப் பூ வாசம். மறுநாள் மத்தியானம் பாய் முட்டி வலியோடு வேகுவேகென்று மருந்தகத்துக்கே வந்துவிட்டார். "வாங்க டாக்டர், கழட்டறான்" என்றார். நாங்கள் போனபோது காஜாவின் முதுகெல்லாம் வெள்ளைத் துண்டுகளாகப் பிரிந்து, அடியில் புது மஞ்சள் மின்னிக்கொண்டிருந்தது. வலது முன்னங்காலை மண்சட்டியின் ஓரத்தில் தேய்த்தது. நின்றது. மறுபடி தேய்த்தது. எந்தப் பிளேடும் படாமல், எந்த இடுக்கியும் படாமல், பாதத்துத் தோல் முழுசாக ஒரு சின்னக் கையுறைபோல் கழன்று விழுந்தது.

பாய் அதை ஊசி நுனியில் எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். உள்ளே வெளியே என்று திருப்பிப் பார்த்தார். முப்பது வருடமாக எந்தச் சட்டையிலும் அவர் முதலில் பார்க்கிற தையலை இதிலும் தேடினார்.

"ஒரு தையல் இல்லீங்க. எங்க ஆரம்பிச்சான், எங்க முடிச்சான்னே தெரியலீங்க. சுபஹானல்லா." அப்புறம் குரல் இறங்கியது. "இதப் பாருங்க டாக்டர். நாலு வெரலுக்குத்தான் அளவெடுத்திருக்கு. போன வெரலுக்கு ஓட்ட விடலீங்க. அழகா மூடித் தச்சிருக்குது."

சுண்டுவிரல் இருந்த இடத்தில் தோல் சுருக்கமில்லாமல் வழவழவென்று மூடியிருந்தது. நான் செய்த தப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு அந்த உடம்பு தனக்குப் புதுச் சட்டை செய்துகொண்டிருந்தது. தையல் மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முன்பே சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணும் தெரியாது பாய். தெரிஞ்ச மாதிரி இழுத்துட்டேன்."

"அது அன்னிக்கே தெரியுமுங்க" என்றார் அவர், கண்ணை அந்தத் தோலிலிருந்து எடுக்காமலே. "இழுக்கறப்ப உங்க கை நடுங்கவே இல்லீங்க. பிளேடு குடுத்தேன் பாருங்க, அப்பத்தான் நடுங்குச்சு. அதப் பாத்துட்டுத்தான் காஜாவ உங்க கையில வச்சேன்."

அந்தத் தோலைப் பட்டன் வரும் காகித உறையில் போட்டு என்னிடம் கொடுத்தார். ஏற்காட்டிலிருந்து மாற்றலான பிறகு எத்தனையோ ஊர் போனேன், உறை கூடவே வந்தது. இப்போதும் என் மேசை இழுப்பறையில், பழைய இடுக்கிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கத்தியை எடுக்கப் பயந்த கேஸ் எது என்று கேட்ட தம்பி மறுபடி இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன். மூச்சுப் பட்டால் பறந்துவிடும், மெதுவாகத்தான் பிரிக்க வேண்டும். விரலை எண்ணிப் பாருங்கள். நாலுதான் இருக்கும்.